கழற்றிப் பூட்டிய மேதை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

கொல்லிமலையின் அடிவாரத்தில், மிளகு மணமும் சீரக மணமும் கலந்து வீசும் சனிக்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பேளுக்குறிச்சியில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு பழைய மாருதி 800 கார் மூன்று வாரமாக அசையாமல் நிற்கிறது. ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வரலாறு எழுத வந்தவன் வீட்டுக் காரின் கதையை ஏன் அளக்கிறான் என்று நண்பர்கள் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஜி.டி. நாயுடு. அந்தப் பெருமகனின் தொழில் வாழ்க்கையே ஓர் எந்திரத்தைக் கழற்றி மீண்டும் பூட்டியதில்தான் தொடங்கியது. எங்கள் வீட்டிலோ வரும் ஞாயிற்றுக்கிழமை ஓர் எந்திரத்தைக் கழற்றப் போகிறோம். திரும்பப் பூட்டுவோமா என்பதே இப்போது எங்கள் குடும்பத்தின் கேள்வி.

முதலில் கார் நின்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். மலைமேல் உள்ள சிறு கடைகளுக்கு மளிகை ஏற்றிச் செல்வதும், திரும்பும்போது மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி வந்து சந்தையில் விற்பதும் அப்பாவின் பிழைப்பு. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பது நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்ததே. அந்த வளைவுகளில் பாதியைத் தாண்டியபோது வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கிறது. கடைக்காரர் காத்திருப்பாரே என்று அப்பா வண்டியை நிறுத்தாமல் ஓட்டிவிட்டார். மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினால் சைலன்சரில் வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினால், பால் கலந்த காப்பி போல ஒரு குழம்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பட்டறை ஒன்றில் விசாரித்தோம். எந்திரம் முழுவதையும் இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி 24,000 ரூபாய் கேட்டார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் அந்த அளவுக்குச் சற்றுக் குறைவாகப் பணம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது என் படிப்புக்கும் தங்கையின் பள்ளிக் கட்டணத்துக்கும் என்று எடுத்து வைத்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாடகை வண்டி பிடித்துச் சரக்கு ஏற்றினால் இலாபம் வண்டிக்காரருக்கே போய்விடுகிறது. இந்த நிலையில்தான், நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் என் சித்தப்பா, நாமே வீட்டில் கழற்றிப் பார்த்தால் என்ன என்று கேட்டார். நானும் கூட நின்று செய்கிறேன் என்றேன். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. கையில் கிரீஸ் படாமல் பிழைக்கட்டும் என்றுதானே உன்னைப் படிக்க அனுப்பினேன் என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் தேடித்தான் நூலகத்துக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய். சும்மா புரட்டியபோதுதான் நாயுடுவின் வரலாறு கையில் அகப்பட்டது. இரண்டே நாளில் படித்து முடித்தேன்.

கோவை மாநகருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 ஆம் ஆண்டு மார்ச் 23 ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. தந்தையார் உழவர். தாயாரை இளம்பருவத்திலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய பிள்ளை என்றே அவருடைய இளமையைப் பற்றி எழுதியவர்கள் கூறுகின்றனர். தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. பின்னர் தந்தையாரின் தோட்டத்தில் வேலை செய்தார். கிடைத்த தமிழ் நூல்களைத் தாமாகவே படித்தார்.

அந்தக் கலங்கலுக்கு ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் தானே ஓடிவரும் வண்டியை ஊரே வேடிக்கை பார்த்தது. வேடிக்கை பார்த்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருவருடைய மனம் மட்டும் திரும்பவில்லை. அந்த வண்டி இங்கிலாந்தின் ரட்ஜ் நிறுவனம் செய்தது. அப்போது அவர் சின்னஞ்சிறு பையன் என்று சிலர் கதை போலச் சொல்வதுண்டு. ரட்ஜ் நிறுவனம் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியதே 1910, 1911 ஆம் ஆண்டுகளில்தான். ஆகவே அவர் பதினேழு, பதினெட்டைத் தாண்டிய இளைஞராகத்தான் இருந்திருக்க வேண்டும். அதாவது, கிட்டத்தட்ட என் வயது! இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் என் நெஞ்சைத் தொட்ட பகுதி. அந்த வண்டி வேண்டும் என்று அவர் அழவில்லை. தந்தையாரின் நிலத்தை விற்கச் சொல்லவும் இல்லை. கோவைக்குப் போனார். ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, எச்சில் இலை எடுத்துக் காசு சேர்த்தார். அன்றைய நாளில் சில நூறு ரூபாய் என்பது எத்துணை பெரிய தொகை! அது சேர ஆண்டுகள் ஆயின. சேர்ந்ததும் அதே அதிகாரியைத் தேடிப் போய் அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பேருந்து நிலையம் வரை ஒரு முறையாவது ஓட்டிக் காட்டியிருப்பேன். அவரோ வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். பிறகு பூட்டினார். எது எதனோடு சேர்கிறது, எது சுழன்றால் எது அசைகிறது என்று கையாலேயே படித்தார். கற்றுக்கொடுக்க ஆளில்லை. பக்கத்தில் பட்டறையும் இல்லை. அந்நாளில் தமிழ்நாட்டுச் சிற்றூரில் மோட்டார் எந்திரத்தைத் திறந்து பார்த்த உழவர் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கழற்றுவது பெரிய செயல் என்று நாம் நினைக்கிறோம். அப்படியன்று. கழற்றுவதை யாரும் செய்யலாம். என் சொந்த அனுபவத்திலிருந்து இதைச் சொல்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில், அப்பாவின் மொபெட்டில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று வெள்ளிக்கிழமை இரவு கழற்றினேன். பூட்டி முடித்தபோது தரையில் இரண்டு திருகுகள் மிச்சம் இருந்தன. ஒரு சிறிய ஸ்பிரிங்கைக் காணவே இல்லை. மறுநாள் சந்தைக்கு அப்பா தலையில் மூட்டை சுமந்து போனார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இப்போது காரைத் தொட வேண்டாம் என்று அவர் சொல்வதற்கு, படித்த பிள்ளை என்ற பெருமை பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி அந்த இரண்டு திருகுகள்தாம்.

ஆகவே நாயுடுவின் வரலாற்றில் எனக்கு வியப்பாகத் தெரிவது அவர் பூட்டியதே. இன்னொன்றும் உண்டு. அவர் பிரித்தது அவருடைய சொந்த உழைப்பில் வந்த பொருள். பழுதானால் அவருடைய எச்சில் இலைக் காசுதான் போகும். என்னைப் போல் அப்பாவின் சனிக்கிழமையை வைத்து விளையாடவில்லை.

மோட்டார் வண்டியின் வரலாற்றில் இப்படிப்பட்ட துணிவு புதிதும் அன்று. 1886 இல் செருமனியின் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். மக்கள் அதை நம்பவில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலேயே இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தம் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். நெடுவழியில் காரைப் பழுது பார்த்த முதல் ஆள் பட்டறைக்காரர் அல்லர். வீட்டிலிருந்து கிளம்பிய ஒரு தாய். இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டு, அப்படியானால் ஹெட்டைக் கழற்ற என்னையும் கூப்பிடு என்றார்.

நாயுடுவிடம் மீண்டும் வருவோம். எந்திரம் கற்றவர் உடனே எந்திரத் தொழிலில் இறங்கவில்லை. திருப்பூரில் பருத்தி வாணிகம் செய்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் அதில் நல்ல பொருள் ஈட்டினார். அதை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பெரிய வாணிகம் செய்யப் பார்த்தார்; அங்கே இழந்தார். ஏறக்குறைய வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார். மேதைகளின் வரலாற்றை எழுதுவோர் இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இது மிக முக்கியமாகப் படுகிறது. பணம் போயிற்று, வாணிகம் போயிற்று, கையில் படிந்த எந்திர அறிவு மட்டும் போகவில்லை. அதுவே அவரைத் தூக்கி நிறுத்தியது.

கோவையில் அந்நாளில் பெருந்தொழில் நடத்திய ஆங்கிலேயர் இராபர்ட் ஸ்டேன்ஸ். அவருடைய மோட்டார் நிறுவனத்தில் நாயுடு வேலைக்குச் சேர்ந்தார். இளைஞரின் திறமையையும் நேர்மையையும் கண்ட ஸ்டேன்ஸ், ஒரு பஸ் வாங்கிக்கொள்ளக் கடனுதவி செய்தார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அந்த ஒற்றைப் பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. வழியில் நின்றால் இறங்கிப் பார்க்கும் மெக்கானிக்கும் அவரே! அந்த ஒரு பஸ் பெருகி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரு நிறுவனமாயிற்று. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து கொங்கு நாட்டின் வீடுகளில் எல்லாம் அறிமுகமாயிற்று. 1930களின் தொடக்கத்தில் நாட்டின் பெரிய பஸ் நிறுவனங்களுள் ஒன்றாக அது விளங்கியது.

பஸ் முதலாளியாகவே நின்றிருந்தால் அவர் செல்வராக மட்டும் மறைந்திருப்பார். வெளிநாடுகளுக்குச் சென்றார். செருமனிக்கும் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்த் தொழிற்சாலைகளைக் கண்டார். எங்கே போனாலும் ஒரு கருவியைப் பார்த்தால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அவரை விடவில்லை. மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி ஒன்றைச் செய்து ரேசண்ட் என்று பெயரிட்டார். மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் மின்விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப் பதிவுக் கருவி, திரைப்படக் கேமராவுக்கு வேண்டிய தொலைவு சரிசெய்யும் கருவி என்று அவர் செய்தவற்றை முழுதும் எழுதினால் மலரின் பக்கங்கள் போதா. 1941 இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று காட்டினார். படமெடுப்பதிலும் அவருக்குப் பேரார்வம். 1936 இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவில் பிடித்தார்.

இவற்றுள் எங்களைப் போன்ற சிற்றூர் மக்களின் வாழ்வைத் தொட்டது மின்மோட்டார்தான். நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1932 இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கம்பி வழியே மின்சாரம் கோவைக்கு வந்தது. ஆனால் அதனால் சுழலும் மோட்டார் கப்பலில் வர வேண்டியிருந்தது. 1937 இல் பீளமேட்டில் நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இணைந்து உள்நாட்டிலேயே மோட்டார் செய்தார்கள். நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கிய பாலசுந்தரம் இவரே. அன்று தொடங்கிய தொழில் பெருகியதால்தான் கோவை மோட்டார், கோவை பம்பு என்ற சொற்கள் உழவர் வாயில் பழகிப்போயின. எங்கள் ஊர்த் தோட்டக் கிணறுகளில் நீர் இறைக்கும் மோட்டார்களின் மேல் உள்ள தகட்டைத் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் கோயமுத்தூர் என்றே இருக்கும். பவானிக்கு அப்பால் போகாத என் தாத்தாவுக்கும் கோயமுத்தூர் என்ற ஊர் அந்தத் தகட்டின் வழியாகத்தான் தெரியும்.

1952 இல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அதை உற்பத்தி செய்ய அரசு உரிமம் தரவில்லை. அந்தக் கார் தெருவுக்கு வராமலே போயிற்று. எல்லார்க்கும் ஏற்ற சிறிய கார் நம் நாட்டுச் சாலையில் பெருவாரியாக ஓட, 1983 இல் மாருதி 800 வரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2014 வரை செய்யப்பட்ட அந்தக் காரில் ஒன்றுதான் எங்கள் வேப்பமரத்தடியில் நிற்பது. ஒருவேளை 1952 இல் உரிமம் கிடைத்திருந்தால் மரத்தடியில் நிற்பது நாயுடு காராக இருந்திருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பேன். அப்போதும் அப்பா வளைவில் நிறுத்தாமல்தான் ஓட்டியிருப்பார்!

உரிமம் மறுப்பும் வரிச் சுமையும் அவரைக் கசப்படையச் செய்தன. 1950களில், அரசின் வரிக் கொள்கையை எதிர்த்து, தாம் செய்த கருவிகளையே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கினார். இந்தச் செயலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய சினத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் கழற்றிய ஒன்றைப் பூட்டித் தந்த கையே, பூட்டிய ஒன்றை உடைக்கலாமா? ஒரு ரேடியோவை வாங்க முடியாத குடும்பத்துப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பான்? மேதை என்பதற்காக எல்லாவற்றையும் புகழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று கருதுகிறேன்.

கல்வியைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துக்கு இனி வருகிறேன். இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. 1945 இல், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தோன்ற நாயுடு பெருந்துணையாக இருந்தார். தொடக்கக் கல்வியைத் தாண்டாத அவர் அதன் முதல்வராகவும் அமர்ந்தார். இன்று கோவையில் விளங்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அந்த விதையிலிருந்து வளர்ந்ததே. ஆனால் அவர் அங்கு நெடுநாள் நீடிக்கவில்லை. பொறியியல் கற்க நான்கு ஆண்டு என்பது மாணவரின் காலத்தை வீணாக்குவது, இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை. அவர் விலகிக்கொண்டார். ரேடியோவும் மோட்டார் எந்திரமும் சில வாரங்களிலேயே கற்பிக்க முடியும் என்று தாமே வகுப்புகள் நடத்திக் காட்டினார்.

இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மூன்று ஆண்டுப் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருப்பவன் நான். நாயுடு என்னைப் பார்த்திருந்தால், நீ ஏன் இங்கே உட்கார்ந்து நேரத்தை வீணாக்குகிறாய் என்றல்லவா கேட்டிருப்பார்? அப்பாவோ, அந்த மூன்றாண்டுக்காக மூன்று வாரம் காரை நிறுத்தி வைத்திருக்கிறார். கட்டணப் பணத்தில் கை வைக்க மாட்டேன் என்கிறார். ஒருவர் மேதை, மற்றவர் தந்தை. யார் பக்கம் நிற்பது?

பல நாள் எண்ணிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆசிரியப் பெருமக்கள் தவறிருந்தால் திருத்துக. நாயுடுவின் வாதம் நாயுடுவுக்குப் பொருந்தும். கல்வி என்னும் கதவு திறக்காவிட்டாலும் சுவரில் ஏறிக் குதிக்கத் தெரிந்தவர் அவர். எங்கள் தெருவில் அப்படிக் குதிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பட்டம் இல்லாத காரணத்தால் என் அப்பா வங்கியில் ஒரு படிவம் நிரப்ப அரை நாள் அடுத்தவர் முகம் பார்த்து நிற்கிறார். அந்த அரை நாளை ஒழிக்கத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். அது வீணான காலம் ஆகாது. ஆனால் ஏட்டுப் படிப்பு கையைத் தொடக் கூடாது என்ற இடத்தில் அப்பா தவறுகிறார். அந்த இடத்தில் நான் நாயுடு பக்கம்.

இதை அப்பாவிடம் நேராகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சென்ற ஞாயிறு வேறு வழியில் சொன்னேன். எங்கள் தெருக்கோடியில், லாரி மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லார்க்கும் அவர் மாமாதான். அவர் வந்து காரைப் பார்த்தார். கேஸ்கெட்டை மாற்றுவது பெரிதில்லை. வண்டி ஏன் சூடேறியது என்று முதலில் கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் புது கேஸ்கெட்டும் அடுத்த மலையேற்றத்தில் போகும் என்றார். ரேடியேட்டர் விசிறி சுழலவில்லை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. கம்பி ஒன்று அறுந்து தொங்கியது. அதைக் கண்டவன் நான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டார்ச் விளக்கை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

ஹெட் ஏன் வளைகிறது என்று அன்றைக்கே அப்பாவுக்கு விளக்கினேன். மேலே உள்ள ஹெட் அலுமினியம். கீழே உள்ள பிளாக் இரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இரும்பைப் போல் இருமடங்கு விரியும். நம் ஆய்வுக்கூடத்தில் கம்பியைச் சூடாக்கி நீளம் அளந்தோமே, அதே பாடம்தான். அளவு மீறிச் சூடேறினால் ஹெட்டின் அடிப்பரப்பு கோணிவிடும். நடுவில் உள்ள கேஸ்கெட் அதைத் தாங்காது. தண்ணீர் போக வேண்டிய வழி ஆயிலிலும் சிலிண்டரிலும் திறந்துகொள்ளும். சிலிண்டருக்குள் போன தண்ணீர் ஆவியாகி வருவதுதான் அந்த வெள்ளைப் புகை. அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, அது எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். நேரான எஃகுச் சட்டத்தை அதன்மேல் வைத்து, ஃபீலர் கேஜ் தகட்டை இடையில் நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பிப் பரப்பைச் சீவ வேண்டும். நுழையாவிட்டால் அந்தச் செலவு மிச்சம். அளக்கிற வேலை உன்னுடையது என்று அப்பா சொன்னார். மூன்று வாரத்தில் அவர் எனக்குக் கொடுத்த முதல் அனுமதி அது.

இப்போது ஏற்பாடுகள் நடக்கின்றன. ரிங் ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் எல்லாம் மாமாவின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. போல்ட்டை எத்துணை இறுக்கம் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச்சைச் சித்தப்பா தம் நண்பரிடம் இரவல் கேட்டிருக்கிறார். ஹெட் போல்ட்டுகளை எந்திரம் நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும்; தளர்த்தும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கும், இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாகப் போக வேண்டும் என்று மாமா மூன்று முறை சொல்லிவிட்டார். புது கேஸ்கெட்டும் டைமிங் பெல்ட்டும் வால்வு தேய்க்கும் பசையும் வாங்கியாயிற்று. டைமிங் பெல்ட்டைக் கழற்றுமுன் சக்கரங்களின் குறிகளை நேர்படுத்தி, வெள்ளைப் பெயின்ட்டால் அடையாளம் இட வேண்டும். குழாய்கள் எது எங்கே போகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது என் பொறுப்பு. இவை எல்லாம் சேர்ந்தும், விசிறிக்கு வேண்டிய கம்பியோடு, பட்டறை கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. ஹெட்டைச் சீவ நேர்ந்தால் கொஞ்சம் கூடும்.

கழற்றும் போல்ட்டுகளை வரிசை மாறாமல் வைப்பதற்குத் தங்கைதான் வழி சொன்னாள். நாமக்கல்லுக்கு முட்டை அட்டையா பஞ்சம்? முப்பது குழிகள் கொண்ட இரண்டு அட்டைகளைக் கொண்டு வந்து, குழிக்குக் குழி எண் எழுதி, திண்ணையில் வைத்திருக்கிறாள்.

தம் எண்பதாம் வயதில், 1974 சனவரி 4 ஆம் நாள் நாயுடு மறைந்தார். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி என்று பயிர்களிலும் அவர் செய்த ஆராய்ச்சிகளைச் சொல்ல இங்கே இடமில்லை. கோவை அவினாசி சாலையில் அவருடைய கருவிகளும் கார்களும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அதே சாலையின் மேல் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, 10 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. கார் சரியானால் கோவைக்குப் போய்ப் பார்த்து வரலாம் என்று தங்கை இப்போதே அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்த்துறையில் ஒப்படைக்க வேண்டும். நாங்கள் ஹெட்டைக் கழற்றுவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. நாளை மறுநாள் சந்தைக்கு அப்பா மீண்டும் வாடகை வண்டியில்தான் போவார். முட்டை அட்டையில் முதல் குழிக்கு நேரே ஒன்று என்று எழுதியிருக்கிறது. அதற்கு அருகில், பழைய மொபெட்டில் மிச்சமான அந்த இரண்டு திருகுகளை யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அப்பாவாகத்தான் இருக்க வேண்டும்.